கூடத்தைக் கடந்த ஆமைகள்

போன வியாழக்கிழமை நடு ரோட்டில் நின்று ஒரு மோட்டார் வண்டியை நிறுத்தினேன். ஆமாம்... நானேதான்! பதினெட்டு முழம் புடவை சொட்டச் சொட்ட, இரண்டு கையையும் அகல விரித்து, "தாடாவ்! தாடாவ்!" என்று கத்தினேன். நில் என்பதற்கு வங்காளியில் எனக்குத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான். அதுவே போதுமாக இருந்தது.

வண்டி நின்றது. உள்ளேயிருந்த வங்காளி பாபு தலையை நீட்டி என் காலடியைப் பார்த்தார். அங்கே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் ஆமை!

"கச்சோப்! சமையலுக்கா, மா?" என்று ஆமையைக் காட்டிச் சிரித்தார்.

சமையலுக்கா! எங்கள் வீட்டில் வெங்காயம்கூட நுழையாது. உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே – ஒரு முறை முறைத்தேன். மனிதர் வண்டியைப் பின்னுக்கே எடுக்கச் சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். பவானிப்பூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு குளம் உண்டு. உண்டு என்ன, இருந்தது. அங்கே வீடுகள் வரப்போகின்றனவாம். மாசி மாதத்திலிருந்து வண்டி வண்டியாகச் சாம்பலும் உடைந்த செங்கல்லும் கொட்டித் தூர்க்கிறார்கள். குளத்தை அளந்தார்கள், கரையிலிருந்த மரத்தை வெட்டினார்கள். உள்ளே குடியிருந்தவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

முதல் மழை விழுந்ததும் ஆமைகள் கிளம்பிவிட்டன. எங்கள் கொல்லையில் இன்னொரு குளம் இருக்கிறது. அந்தத் தண்ணீரின் வாசனை எப்படித்தான் தெரிந்ததோ, நேரே எங்கள் வாசலைப் பார்த்து நடக்கின்றன! நடுவில் ரோடு. முன்பு மாட்டு வண்டி மட்டும் ஊர்ந்த ரோடு. இப்போது குதிரை வண்டி என்ன, மோட்டார் என்ன... அன்று காலையிலேயே இரண்டு ஆமைகள் சக்கரத்தில் அகப்பட்டுவிட்டன. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சக்கரம் வந்தால் ஆமை என்ன செய்யும் தெரியுமா? ஓடாது. தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். நரிக்கு அது போதும். மோட்டாருக்குப் போதுமா? காலம் மாறிவிட்டதென்று பாவம், அதற்கு யார் போய்ச் சொன்னார்கள்?

மோட்டாரை நிறுத்தியாயிற்று. ஒரு பிரம்புக் கூடையைக் கொண்டுவந்து, கையில் கிடைத்த ஆமைகளை அள்ளிப் போட்டேன். (பின்பக்கமாகப் பிடிக்க வேண்டும், முன்னால் பிடித்தால் கடித்துவிடும்.) ஆனால் கொல்லைக்குப் போக ஒரே வழி எங்கள் கூடம்தான். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்.

நிலைப்படியில் என் நாத்தனார்! என் வீட்டுக்காரரின் அக்கா. கும்பகோணத்திலிருந்து தம்பியோடு இருக்க வந்தவர். நான் மோட்டாரை நிறுத்திய மாதிரியே, கையை அகல விரித்து என்னை நிறுத்தினார்.

"ஏண்டி கோமு, புத்தி கெட்டுப்போச்சா? ஆமை ஆத்துக்குள்ள நுழையலாமோ? அம்பிக்கு ஆபீஸ்ல பிரமோஷன் வர நேரம்!"

"தசாவதாரத்துல ரெண்டாவது யாரு, அக்கா?"

"அது பகவான். இது குட்டை ஆமை."

"பகவான் மட்டும் அலிப்பூர் துரைமார் பங்களாவிலயா இருந்தார்? அவரும் தண்ணியிலதான் இருந்தார்."

"வாயாடாதே! எடுத்த இடத்திலேயே கொண்டு விடு."

எடுத்த இடத்தில் குளம் ஏது? செங்கல்தானே இருக்கிறது! கூடைக்குள் நகங்கள் பிறாண்டுகின்றன. பின்னால் குதிரை வண்டி மணி கேட்கிறது. ரோட்டில் இன்னும் ஐந்தாறு ஆமைகள்... எனக்குப் படிப்பு மூன்றாம் புத்தகத்தோடு சரி. ஆனால் ஆசாரத்தில் சந்து எங்கே இருக்கிறதென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அது நடந்து நுழைஞ்சாத்தானே தோஷம்? நான்னா தூக்கிண்டு வரேன்! அதோட ஒரு கால்கூட நம்மாத்துத் தரையில படாதுக்கா."

நாத்தனார் யோசித்தார். மடி கலையாமல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். "படப்படாது. பார்த்துண்டே இருப்பேன்."

ஒரு நடை. இரண்டு நடை. குளத்துப் படியில் விட்டால்... ப்ளக்! ஆஹா, அந்தச் சத்தத்துக்கு எந்தக் கச்சேரி ஈடு?

மூன்றாம் நடையில், சரியாகக் கூடத்தின் நடுவில், கூடையின் அடி பிய்ந்தது.

தொப்பென்று விழுந்தது பெரிய ஆமை. நாலு காலும் தரையில்! "ராமா!" என்று நாத்தனார் ஊஞ்சல் பலகையில் ஏறிவிட்டார். ஆமை மெல்லத் தலையை நீட்டியது. பூஜை அறையைப் பார்த்தது. அடுக்களையைப் பார்த்தது. ஒன்றும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. நிதானமாக நடந்து, கொல்லைக் கதவைத் தாண்டி, தானே குளத்தில் இறங்கிவிட்டது.

நான் பிய்ந்த கூடையும் கையுமாக நின்றேன். நாத்தனார் ஊஞ்சலிலிருந்து இறங்கினார். வாசலில் மறுபடி வண்டி மணி.

"ஏண்டி மரம் மாதிரி நிக்கறே? ரோட்டுல இன்னும் ரெண்டு இருக்கே! நசுங்கித்துன்னா அந்தப் பாவம் அம்பி தலையிலன்னா விடியும்? ஓடு!"

பயம் வந்தால் ஓட்டுக்குள் ஒடுங்குவது ஆமை மட்டுமா? நாமும்தான். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால், தலை தானாக வெளியே வருகிறது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்தார். "கூடமெல்லாம் என்ன சேறு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டார்.

"மழைடா, அம்பி. நாளைக்கும் வரும்போல இருக்கு. எனக்குப் பெரிய குடையா ஒண்ணு வாங்கிண்டு வா. சிவப்பாக் கிடைச்சா நல்லது... மோட்டார்காரன் கண்ணுல படணும்."