ஆறாம் படியா, ஏழாம் படியா

துணி காயப்போடுவது அத்தானின் வேலை, மடிப்பது அக்காவின் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, அக்கா ஒரே சட்டையை மூன்றாவது முறையாகப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலேர்ந்து இப்படித்தான். அந்தச் சட்டைக்கே தலை சுத்தியிருக்கும்" என்றார் அத்தான்.

அக்கா படித்தது வேதியியல். மருந்துக் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டவளை, கையெழுத்தும் கோர்வையும் நன்றாயிருக்கிறது என்று ஒரு மென்பொருள் கம்பெனி பிடித்துக்கொண்டது. பதினோரு வருடமாக மென்பொருளுக்கு வழிகாட்டிப் புத்தகம் எழுதுகிறாள். ஒரு படியில் ஒரு வேலைதான், பொத்தானின் பெயர் தடித்த எழுத்தில், எச்சரிக்கை அந்தந்தப் படிக்குக் கீழே என்று அங்கே விதி வகுத்தவளே அவள்தான்; ஆபீஸ் படிவங்களுக்கும் அவள் வைத்ததுதான் விதி. ஆபீசில் 'மேனுவல் அக்கா' என்றால்தான் தெரியும். வீட்டில் துவைக்கும் இயந்திரத்தின் மேலும் எட்டுப் படி எழுதி ஒட்டியிருக்கிறாள்.

இந்த வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து புது விதி வந்தது. எச்சரிக்கை இனிமேல் படிக்கு மேலே வர வேண்டுமாம். செய்வதற்கு முன்னால்தானே எச்சரிக்க வேண்டும்? நியாயம்தான். அக்கா முந்நூறு பக்கத்தையும் மாற்றினாள்.

போன வாரம் தண்ணீர் விநியோக அலுவலகம் ஒன்றில், மீட்டர் அளவுகளைப் பதிவு செய்யும் பெண் அந்தப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறாள். ஆறாம் படி, போன மாதப் பட்டியலை மூடவும். அதன்கீழே எச்சரிக்கை: 'நகல் எடுத்த பிறகே செய்யவும். செய்தபின் திரும்பப் பெற முடியாது.' பிறகு ஏழாம் படி, தற்காலிகப் பதிவுகளை நீக்கவும். போன மாதத்துக்குத்தான் நகல் இருக்கிறதே என்று அவள் தைரியமாக ஏழாம் படியையும் செய்துவிட்டாள். மூன்று நாள் மீட்டர் அளவுகள் மொத்தமாகப் போயின.

"போன் பண்ணி அழுதா. 'இத்தனை வருஷமா உங்க புத்தகத்தைப் பார்த்துதான் மேடம் செய்யறேன்'ங்கறா" என்ற அக்கா, அந்தப் பக்கத்தை அத்தான் முன்னால் வைத்தாள். அவள் எழுதுவதை முதலில் படிப்பவர் எப்போதும் அவர்தான். "இந்த எச்சரிக்கை எதுக்குன்னு சொல்லுங்க."

அத்தான் ஆறின்மேல் விரல் வைத்தார்.

பள்ளி இறுதி படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ அப்பா! மேல போட்டா கீழ இருக்கறதுக்குத்தானே? ஏழு!"

"பதினோரு வருஷமா உங்கம்மா கீழதான்டி போட்டா."

"அது அந்தக் காலம்."

"நேத்து வரைக்கும் அந்தக் காலந்தான்" என்றார் அத்தான்.

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றீங்க. அதான் எனக்கு ஒண்ணும் ஓடலை."

சட்டைக் குவியலுக்கு அடியிலிருந்து கம்பெனியின் விசாரணைப் படிவத்தை எடுத்தாள். எழுதியவர் விதியைப் பின்பற்றினாரா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். நாளைக் காலைக்குள் அனுப்ப வேண்டும். ஆம் என்றால் தவறு அந்தப் பெண்ணுடையதாகிவிடும், அவள் வேலை போகும். இல்லை என்றால் அக்காவின் ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடியும்.

"நீ விதிப்படிதானேக்கா செஞ்சே? ஆமான்னு போடு" என்றேன்.

"செஞ்சேன்டி. நாளைலேர்ந்து கதவு வேற பக்கம் திறக்கும்னு வீட்ல இருக்கறவங்ககிட்ட சொல்லணுமா இல்லையா? முதல் பக்கத்துல ஒரு வரி போட்டிருக்கலாம். போடணும்னு விதியில இல்லை."

"அப்ப அதைக் காரணமா எழுதேன்."

"எழுத எடமில்லை. படிவத்துல விளக்கத்துக்கு எடம் விடக்கூடாது, பதில் ஒரே சொல்லா இருக்கணும்னு விதி."

"எந்தப் புண்ணியவான் போட்ட விதி அது?"

அத்தான் தொண்டையைச் செருமினார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

மகள் ஒரு பேனாவைத் தேடி எடுத்து வந்து படிவத்தின்மேல் வைத்தாள்.

"சரிம்மா, எதுலதான் டிக் போடப் போற?"

அக்கா மடித்த துணிகளை மார்போடு அணைத்து எடுத்தாள். மடிக்காத இரண்டு துண்டும் அதில் சேர்ந்து போயின. பேனாவைப் பார்த்தாள், பக்கத்தைப் பார்த்தாள், உள்ளறைக்குப் போய்விட்டாள்.