ஊசி போட்டார்கள், ரத்தத்தைப் பார்க்கவில்லை

முதலில் வந்தது முதுகுவலி. எங்களுக்கு நரிக்குடிப் பக்கம். கருவேல மரத்தை வெட்டி, மண்ணால் மூடி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற வேலை.

டவுனில் ஒரு டாக்டரிடம் போனேன். "கரி மூட்டை தூக்குனா வலிக்காம என்ன செய்யும்?" என்றார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வலி ஊசி போட்டார். எங்கள் பக்கம் ஊசி போடாதவரை டாக்டர் என்றே சொல்ல மாட்டோம். போட்டால் மறுநாள் மூட்டை தூக்கலாம். சந்தைக்குப் போகிற மாதிரி வாராவாரம் ஊசிக்குப் போனேன்.

மூச்சு வாங்கியது. "பொம்பளைகளுக்கு ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்" என்று சத்து மாத்திரை கொடுத்தார். சிறுநீரில் ஒரு சோதனைப் பட்டையை முக்கிப் பார்த்துவிட்டு, புரதம் போகவில்லை, நன்றாக இருக்கிறது என்றார்.

ஒருநாள் கரி சலிக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. முதுகெலும்பு நொறுங்கியிருந்தது.

மதுரையில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்தார். ஒரு நாள் முழுக்கப் பிடித்த சிறுநீரையும் கேட்டார். எலக்ட்ரோபோரெசிஸ் (மின்சாரம் விட்டுப் புரதங்களைப் பிரித்துப் பார்ப்பது) செய்து, வரைபடத் தாளைக் காட்டினார். தாழ்ந்த கோட்டில் ஓரிடம் மட்டும் நெட்டுக்குத்தாக ஏறியிருந்தது.

"பொட்டல்ல ஒத்தப் பனை நிக்கிற மாதிரி இருக்குங்கம்மா" என்றேன்.

"அதுதான் 'எம்' (M) புரதம்" என்றார் (கிருமியை எதிர்க்கும் புரதத்தைச் செய்கிற உயிரணு ஒன்று கெட்டு, தானே பெருகி, உதவாத ஒரே புரதத்தைக் கொட்டுவது). நோயின் பெயர் மைலோமா (எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்). அந்தப் புரதத்தின் துண்டுகள் கிட்னியை அடைக்கும். முக்கிப் பார்க்கிற பட்டையில் அது அநேகமாகத் தெரியாது. வலி ஊசி கிட்னியை இன்னும் கெடுக்கும்.

என் வீட்டுக்காரர் பேசாத ஆள். அன்றைக்குச் சொன்னார்: "மாட்டுக்குக்கூடத் தடவிப் பாத்துட்டுத்தான ஊசி போடுவாக?"

கிட்னி பாதி போய்விட்டது. புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்தில் பாதம் மரத்துப்போனது. கோபம் அப்படியே இருக்கிறது.

விடாத முதுகுவலியும் ரத்தக்குறைவும் சேர்ந்து இருந்தால் ஊசியோடு திரும்பாதீர்கள். புரதத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். திட்டினால் திட்டட்டும்.

போன தடவை புதுத் தாளில் கோடு படுத்திருந்தது. "உங்க பனை சாஞ்சிருச்சு" என்று டாக்டரம்மா சிரித்தார். ஆனால் திரும்ப வரக்கூடியது, சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

"அப்ப அது பனை இல்லைங்கம்மா. கருவேலம்."

வெட்டிய கருவேலத் தூர் எப்போது தழைக்கும் என்று எனக்குத் தெரியும். என் உடம்புக்குள் இருப்பது எப்போது என்று தெரியாது. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில் இருக்கிறேன்.