ஞானம்மக்கா உள்ளே இருந்த இரண்டு நாள்

நெய்யாற்றின்கரைக் கோர்ட்டு வாசலில் ஒரு மனுவுக்கு ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஞானம்மக்காவின் தங்கை மகன் வந்து, "பெரியம்மை போயாச்சு அண்ணா, விடியக்காலம்" என்றார். ஸ்டாம்பைக் கோணலாக ஒட்டிவிட்டேன். வக்கீல் குமாஸ்தாவான எனக்கு முப்பது வருடத்தில் அப்படி நேர்ந்ததில்லை.

பாறசாலைப் பக்கத்து அண்டியாபீசில் அவரோடு முந்திரிக்கொட்டை உடைத்தவர்களுக்கும், சபை ஆராதனையில் அவர் அருகே அமர்ந்தவர்களுக்கும் அவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வயது கேட்டால், "தொண்ணூற்றொம்பது வெள்ளத்தில பிறந்தவளாக்கும்" என்பார். அது கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது, அதாவது 1924. போகும்போது வயது எழுபத்து நாலு. மகாராஜா காலம், சுதந்திரம், நெய்யாறு அணை எல்லாம் பார்த்தவர். "அணை கெட்டினாவ, கொடி மாறிச்சு. எனக்க கையில உள்ள கறை மட்டும் மாறல்ல" என்று கருத்த விரல்களைக் காட்டிச் சிரிப்பார்.

சுதந்திரம் வந்த கையோடு, திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் நடந்தது. ஊர்வலம் அண்டியாபீசைக் கடந்தபோது இவரும் எழுந்து போய்விட்டார். போலீஸ் பிடித்து இரண்டு நாள் லாக்கப்பில் வைத்தது. பிறகு ஐம்பத்தாறில் எல்லை பிரித்தபோது பாறசாலைப் பக்கம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. "கோடு எனக்க வீடு வரைக்கும் எத்தல்ல" என்று கேலியாகச் சொல்வார். லாக்கப்பில் இருந்த பெண் என்று பேச்சுப் பரவி, பெண் கேட்டு வந்திருந்தவர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். அக்கா தனியாகவே இருந்துவிட்டார்.

நான்கு வருடத்துக்கு முன் என்னைத் தேடி வந்தார். "மக்கா, பைசா ஒண்ணும் வேண்டாம். நான் உள்ள இருந்தேன் எண்ணு சர்க்காரு ஒரு கடலாசு தந்தா போதும்." இரண்டு மாநில சர்க்காருக்கும் எழுதினேன். கைதானவர்கள் ரெஜிஸ்டரில் பெயர் இல்லை என்று பதில் வந்தது. இன்னொரு மனு, அதே பதில். நான் படித்துச் சொல்லும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்த போலீஸ்காரர் பெருங்கடவிளைப் பக்கம் உயிரோடு இருப்பதாகக் கேள்விப்பட்டு, போன வருடம் இருவரும் போனோம். கிழவருக்கு எல்லாம் நினைவிருந்தது. பெருமையோடுதான் சொன்னார்: "உனக்க அப்பன் எனக்க காலைப் பிடிச்சு அழுதான். பிள்ளைக்குக் கல்யாணம் நடக்கணும், பேரு எழுதாதிய எண்ணு. நானாக்கும் எழுதாம விட்டது."

அக்கா நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தார் போலிருந்தது. அக்கா கும்பிட்டுவிட்டு எழுந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது? மகளுக்காக அழுத அப்பன்மேலா, மனமிரங்கிய போலீஸ்காரர்மேலா? அக்காவின் பின்னாலேயே வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில், இறங்குவதற்குச் சற்று முன் மெதுவாகக் கேட்டார்: "எனக்குக் கல்யாணமே கழியல்லியே மக்கா. பின்ன ஆருக்கு வேண்டியாக்கும் எனக்க பேர எழுதாம விட்டது?"

அவர் விட்டுப்போனதில் என் பங்குக்கு வந்தது அந்தக் கேள்விதான். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். இதை எந்த ஆபீசுக்கு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.