அப்புவின் பின்தொடைத் தசை

சுவிஸின் பீல் நகரில் நான் வேலை செய்யும் கடிகாரத் தொழிற்சாலையில் எங்கள் பகுதிக்கு இடைவேளை பத்தேகாலுக்கு. வியாழக்கிழமைகளில் மார்ட்டின் கோப்பியோடு என் எதிரில் வந்து உட்கார்ந்து, ‘உன் தம்பியின் தொடை எப்படி இருக்கிறது?’ என்று ஜெர்மனில் கேட்பார். பரவாயில்லை என்பேன். அவர் தலையாட்டிவிட்டுத் தன் பாணை வெட்டத் தொடங்குவார். அந்தத் தொடைக்கு உரியவர் என் தம்பி அல்ல. மெல்பேர்ணில் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் விளையாடும் முப்பத்துமூன்று வயதுக்காரர், பின்வரிசைத் தடுப்பாளர். நான் அவரை நேரில் கண்டதில்லை. அவருடைய தசையைப் பற்றி என் மகள் தொலைபேசியில் சொல்வதையும், நான் என் தொடையைத் தொட்டுத் தொட்டுத் திருப்பிக் கேட்பதையும் மார்ட்டின் பல வாரங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் யாருக்குக் காலில் வருத்தம் என்று கேட்டார். முழு விளக்கம் என் ஜெர்மனுக்குள் அடங்காது. ‘மெல்பேர்ணில், எங்கள் குடும்பத்து விஷயம்’ என்றேன். மீதியை அவரே நிரப்பிக்கொண்டார். நான் திருத்தவில்லை.

குடும்பத்து விஷயம் என்றது பொய்யில்லை. என் மகள் ஆரணி இங்கே பிறந்தவள். இங்கே பேர்ண் நகரில் பிசியோதெரபி படித்துவிட்டு, ஒரு வருட அனுபவத்துக்கு என்று மெல்பேர்ணில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனாள். அந்த ஒரு வருடம் இரண்டாவதற்குள் நுழைந்தது. அக்காவின் மகன் நிரோஷன் வருடந்தோறும் ஒரு கற்பனைப் போட்டி நடத்துவான். எட்டுப் பேர், எட்டு அணிகள். உண்மையான ஆட்டக்காரர்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வோம். வார இறுதியில் அவர்கள் மைதானத்தில் செய்வது எங்களுக்குப் புள்ளியாகும்: ஓர் உதைக்கு மூன்று, உதைத்து வரும் பந்தைப் பிடித்தால் மூன்று, கையால் குத்திக் கொடுத்தால் இரண்டு. ஒருவர் எடுத்த ஆள் மற்றவருக்குக் கிடையாது. விரும்பினால் ஆளுக்கு ஆள் மாற்றலாம். மகளோடு கதைக்க ஏதாவது இருக்கட்டும் என்று நானும் சேர்ந்தேன். தடுப்பாளர்களைத் தெரிவுசெய்யும் நேரத்தில் எனக்குக் கடைசி முறை. எல்லோரும் தவிர்த்துவிட்ட ஒருவர் மிஞ்சியிருந்தார், எடுத்தேன்.

“மாமா, அது அப்பு. பொல்லு ஊண்டிக்கொண்டு கிறவுண்டுக்கு வாற ஆள்” என்றான் நிரோஷன். அன்றிலிருந்து அவருக்கு எங்கள் வீடுகளில் அப்பு, அதாவது கிழவர், என்றே பெயர்.

மாலைகளில் ரயிலில் இருந்தபடி அப்புவின் பெறுமதியைப் பற்றி இணையத்தில் எழுதுபவர்களை வாசிப்பேன். வயது போய்விட்டது. ஒரே தசை மூன்று தடவை கிழிந்திருக்கிறது. கழகம் அவருடைய இடத்தில் இளையவர்களைப் பரீட்சித்துப் பார்க்கிறது. விலகி நில்லுங்கள் என்பதே பெரும்பான்மையான தீர்ப்பு. நான் பார்த்த ஆட்டங்களில் வேறொன்றும் தெரிந்தது. எதிரணி மயிரிழையில் கோலைத் தவறவிட்டால், மீண்டும் ஆட்டத்தைத் தொடங்கும் பந்தைப் பெரும்பாலும் அப்புவிடமே கொடுத்தார்கள். அவர் அதிகம் ஓடுவதில்லை. பந்து விழப்போகும் இடத்தில் முன்கூட்டியே நிற்பார். பிடிப்பார், பக்கத்தில் இருப்பவருக்குச் சிறிதாக உதைப்பார். யாரும் கைதட்டாத அந்தச் சின்ன உதைகள் எனக்குப் புள்ளியாகச் சேர்ந்தன. விளையாடும் நாளில் அவர் பொன். விளையாடுவாரா என்பதுதான் கேள்வி.

வைகாசியில் நிரோஷனின் இரண்டு தடுப்பாளர்கள் காயப்பட்டார்கள். அப்புவைத் தந்தால், அடுத்த வருடங்களுக்கும் உதவக்கூடிய இருபத்தொரு வயதுப் பெடியன் ஒருவனைத் தருவதாகச் சொன்னான். அந்தப் பெடியன் ஓர் ஆட்டமும் தவறவிடாதவன்.

“லாபம் உங்களுக்குத்தான் மாமா. அப்புவை ஏன் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்? சீதனமோ?”

மாட்டேன் என்றேன். பிடிவாதம் என்று எல்லோரும் சிரித்தார்கள். காரணத்தை நான் சொல்லவில்லை. மெல்பேர்ணில் வியாழன் மாலை அணிப் பட்டியல் வெளியாகும்போது எங்களுக்குக் காலை பத்து மணி கடந்திருக்கும். அப்புவின் கால் ஒவ்வொரு வாரமும் சந்தேகத்தில் இருந்தது. நான் பட்டியல்களைப் பார்ப்பதில்லை. ஆகவே ஆரணி பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுப்பாள். “பேர் இருக்கு அப்பா” என்பாள். தசையைப் பற்றி ஒரு நிமிடம். பிறகு என்ன சமைத்தாள், ட்ராமில் யாரைக் கண்டாள், எந்த நோயாளி அவளோடு சண்டை பிடித்தார் என்று ஐந்து நிமிடம். மற்ற நாட்களில் அவள் எடுப்பதில்லை. அவளைக் குறை சொல்லவில்லை. அந்த வயதில் நானும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு வாரமும் தவறாமல் பெயர் வரும் பெடியனுக்காக யாரும் தொலைபேசி எடுக்கத் தேவையில்லை. இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் எட்டு அணிகளிலும் அப்புவைவிடப் பெறுமதியானவர் இல்லை.

பட்டியல்களைப் பார்ப்பதில்லை என்றேன். இறுதிப் போர் நடந்த 2009இல் என் தம்பி வன்னிக்குள் இருந்தான். முகாம்களுக்கு வந்துசேர்ந்தவர்களின் பெயர்கள் துண்டு துண்டாக வெளியே வந்தன. உங்களில் பலரும் அப்போது அதே பெயர்களைத்தான் வாசித்திருப்பீர்கள். என்னால் வாசிக்க முடியவில்லை. அக்கா வாசித்துவிட்டுத் தினமும் எடுப்பாள். “இண்டைக்கு இல்லை. நாளைக்குப் பாப்பம்” என்பாள். அந்த ‘இல்லை’யில் நாளை என்று ஒன்று இருந்தது. ஒருநாள் அவள் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள்தான் சொன்னாள். தம்பியின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்த ஒருவர் முகாமுக்கு வந்திருந்தார். அக்காவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. உடலும் இல்லை, கடிதமும் இல்லை, செத்தவீடும் இல்லை. ஊரில் என்றால் பொழுது விடியமுன் சனம் வாசலுக்கு வந்திருக்கும். நான் தொழிற்சாலையில் காய்ச்சல் என்று ஒருநாள் லீவு எடுத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. சொன்னால்தானே பிடிப்பார்கள்.

இந்த ஆனியில் ஒரு வியாழன் ஆரணி எடுக்கவில்லை. பத்தரைக்கு இடைவேளை முடிந்தது. என் வேலை கடிகாரத்துக்கு முள் பொருத்துவது. மூன்று முட்களைப் பழுதாக்கினேன். நான்காவதை வைத்துவிட்டு, வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போய் அக்காவுக்கு எடுத்தேன்.

“இஞ்சதான் இருக்கிறாள். சோறு தின்னுறாள். ஏன்ரா பதறுறாய்?” என்றவள், என் மூச்சைக் கேட்டிருக்கவேண்டும், உடனே தொலைபேசியை ஆரணியிடம் கொடுத்தாள்.

“அப்பா, அப்புவின்ர பேர் இல்லை” என்றாள் ஆரணி. “திரும்பக் கிழிஞ்சிட்டுது. இனி விளையாட ஏலாது.”

“சரி. அதைச் சொல்ல ஏன் எடுக்கேல்லை?”

“மாமி எடுக்காத அந்த நாளில நீங்கள் சப்பாத்தோட குசினி நிலத்தில இருந்தனீங்கள். நான் பள்ளிக்கூடம் போகேக்கையும் இருந்தீங்கள், திரும்பி வரேக்கையும் இருந்தீங்கள்.”

அப்போது அவளுக்கு எட்டு வயது. அவள் கவனிக்கவில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

“இன்னொண்டும் இருக்கு அப்பா. கிளினிக்கில என்ர வேலையை நிரந்தரமாக்கிப்போட்டினம். திங்கக்கிழமை கையெழுத்து வைச்சிட்டன். பீலில என்ர பேரை எடுக்கவேணும். அப்மெல்டுங் பேப்பரை நான் அனுப்பிறன், நீங்கள்தான் குடுக்கவேணும்.”

சுவிஸில் ஒருவர் ஊரைவிட்டுப் போனால் நகரசபைப் பதிவிலிருந்து பெயரை நீக்கக் கொடுக்கும் அறிவித்தல் அது. இரண்டு செய்திகளையும் ஒரே அழைப்பில் சொல்ல வாய் வராமல்தான் அவள் எடுக்காமல் இருந்திருக்கிறாள். அக்காவிடமிருந்து பழகியிருக்கிறாள், அல்லது என்னிடமிருந்தே. எனக்கு முன்னால் சைக்கிள்கள் வரிசையாக நின்றன.

“நல்லது பிள்ளை. ஆனால் பேர் இல்லாட்டியும் எடு” என்றேன். “இல்லையெண்டு சொல்லவாவது எடு.”

“ஓம் அப்பா.”

அப்பு ஓய்வை அறிவித்தார். “மாமா, ஆள் போட்டுது, இனியாவது விடுங்கோ. அந்த இடத்துக்கு வேற ஆளை எடுக்கலாம்” என்று நிரோஷன் இரண்டு தடவை சொன்னான். நான் எடுக்கவில்லை. என் அணியில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அடையாளம் நிற்கிறது, அவ்வளவுதான். எட்டுப் பேரில் எட்டாவதாக இருக்கிறேன். ஆரணியின் பத்திரத்தையும் கொடுத்துவிட்டேன். ஜெர்மன், பிரெஞ்சு என்று இரண்டு மொழியில் வணக்கம் சொன்ன நகரசபை அலுவலர், நிரந்தரமாகவா என்று கேட்டார். நான் ஒரு மொழியில் ஆம் என்றேன். அவர் கணினியில் ஏதோ தட்டினார். ஒரு நிமிடம்கூடச் செல்லவில்லை.

போன வியாழன் மார்ட்டின் கோப்பியோடு வந்து உட்கார்ந்தார். உன் தம்பியின் தொடை எப்படி என்று கேட்டார். வழக்கமான பதில் வாய்வரை வந்தது. பிறகு, அவர் யாரைப் பற்றிக் கேட்டாரோ அவனைப் பற்றியே சொன்னேன்: “என் தம்பி இறந்துவிட்டான்.”

மார்ட்டின் கத்தியை வைத்தார். எழுந்து மேசையைச் சுற்றி வந்து என் தோளில் கையை வைத்து, இங்கே மரண வீடுகளில் சொல்லும் வார்த்தைகளைச் சொன்னார். எப்போது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் கையிலிருந்த தொலைபேசி அதிர்ந்தது.

“அப்பா, இந்தக் கிழமையும் பேர் இல்லை” என்றாள் ஆரணி.

“ஓம் பிள்ளை” என்றேன். “வேற என்ன புதினம்?”

அவள் ட்ராமில் கண்ட யாரையோ பற்றிச் சொல்லத் தொடங்கினாள். மார்ட்டின் இன்னும் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.