நல்லகாமன் வேதாந்தம் வாங்கின கதை

அலங்காநல்லூர் நல்லகாமன் மாட்டுத் தரகர். பல்லைப் பார்த்தே மாட்டின் வயதைச் சொல்லிவிடுவார். எழுபத்தெட்டு வயதில் அவருக்கு வேதாந்த ஆசை வந்தது. ஞாயிறுதோறும் பஸ் ஏறி, மதுரையில் பேராசிரியர் பஞ்சாபகேசன் நடத்திய வகுப்புக்குப் போனார். காண்பதெல்லாம் மாயை என்பார் பேராசிரியர். இவர் சும்மா இருக்கமாட்டார்.

"மழை பெஞ்சாலும் மாயை, பெய்யாட்டியும் மாயைங்கிறீக. அப்ப எது நடந்தா, நீங்க சொல்றது தப்புன்னு ஒத்துக்குவீக சாமி?"

வகுப்பே சிரிக்கும். ஒருநாள் பஞ்சாபகேசனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நம்பிக்கை இல்லேன்னா எதுக்கு ஓய் வாராவாரம் வரீர்?"

நல்லகாமனுக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"வேண்டாத மாட்டுக்கு எவன் சாமி பல்லைப் பிடிச்சுப் பாப்பான்? வாங்கணும்னு ஆசை இருந்தாத்தான் வாயவே திறக்கச் சொல்லுவோம்."

பஞ்சாபகேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரி, அடுத்த பல்லைப் பாரும்."