தூங்கிய ஈக்களும் மன்னியும்

மெல்லிய கண்ணாடிக் குழாய்கள் முப்பத்திரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பழ ஈ. ஜாதவ்பூர் ஆய்வகத்தில் அவற்றை அடுக்கியிருந்த தட்டை என் அண்ணன் மனைவி, அதாவது என் மன்னி, "என் குழந்தைகள்" என்பாள். வீட்டிலிருந்த நிஜக் குழந்தைக்கு ஒரு வயது. இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்து அவளையும் படுத்தி எடுக்கும். விளைவு, டீயில் உப்பைப் போடுவாள். வீடு திரும்பும் ரயிலில் டாக்குரியாவில் இறங்க மறந்து பாலிகஞ்ச் வரை போவாள். தூக்கம் போனால் கவனமும் போகும் என்பதற்கு உங்களைவிட நல்ல சான்று வேண்டுமா என்று கிண்டல் செய்வேன். நானும் அதே ஆய்வகத்தில்தான் ஒப்பந்த டெக்னீஷியனாக இருந்தேன்.

அவள் ஆராய்ந்ததும் அதைத்தான். மூளைச் செல் வேலை செய்யும்போது அதற்குள் கால்சியம் பாயும். வேலை முடிந்ததும் அதை வெளியேற்றவோ உள்ளேயே சேமிப்பில் அடைக்கவோ வேண்டும். "வந்த விருந்தாளிய வழியனுப்பத் தெரியணும்டீ, இல்லேன்னா வீடு தூங்காது" என்பாள். வழியனுப்பும் அமைப்பு பலவீனமான ஈக்கள் துண்டு துண்டாகத்தான் தூங்கும், விழித்தபின் கண்முன் நகரும் கறுப்புக் கோட்டைத் தொடராமல் அலைபாயும் என்று எதிர்பார்த்தாள்.

துர்கா பூஜை வாரத்துக் கணக்கு தலைகீழாக வந்தது. அந்த ஈக்கள் அபாரமாகத் தூங்கியிருந்தன. வழிகாட்டிப் பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கட்டுரை எழுதச் சொன்னார். எனக்கு மட்டும் சந்தேகம் வந்தது. ஓர் ஈ ஐந்து நிமிடம் அசையாவிட்டால் தூங்குகிறது என்று கணினி எண்ணிக்கொள்ளும். செத்த ஈயும் அசையாதுதானே. தினமும் காலையில் குழாய்களைத் தட்டிப் பார்த்து, செத்தவற்றை நீக்குவது என் வேலை. சப்தமியும் அஷ்டமியும் பந்தல் பந்தலாகச் சுற்றிவிட்டு, பார்த்ததாகக் குறித்து வைத்திருந்தேன்.

கேன்டீனில் மன்னியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு நேரே பேராசிரியர் அறைக்குப் போய், அந்த வாரம் குழாய்களைப் பார்க்கத் தவறியது தான்தான் என்றாள். அவர் அரைமணி நேரம் கத்தினார். நான் கதவருகே நின்றிருந்தேன்.

எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். ஆறு மாதம் ஆயிற்று. இந்த முறை ஈக்கள் அவள் சொன்னபடியே அரைகுறையாகத் தூங்கின, கோட்டையும் கோட்டைவிட்டன. இரண்டு பேரும் சிரித்து மாளவில்லை.

மன்னி இப்போது கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறாள். போன வாரம்தான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது. "அன்னிக்கு ஏன் மன்னி பழிய நீங்க ஏத்துண்டேள்?"

"உன்னுதுன்னா வேலையே போயிருக்கும். என்னுது ஆறு மாசம்தானே போச்சு" என்றாள்.

அந்த ஆறு மாதத்தில்தான், அவளுக்காக வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று வைத்திருந்த இடம் வேறொருவருக்குப் போனது. அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் இன்றுவரை சொன்னதில்லை.