டூல்பாக்ஸில் ஒரு பச்சைத் துணி

இன்று மதியம் எங்கள் தர்காவுக்கு ஒரு புது லாரி வந்தது. நாமக்கல்லில் இது வழக்கம்தான். ஆஞ்சநேயர் கோயிலில் பூசை முடித்த கையோடு வண்டி நேராக இங்கே வரும். இங்கே அடங்கியிருக்கும் இறைநேசர் அவுலியாவின் சமாதியில் பாத்திஹா ஓதி, பச்சைத் துணியை வண்டிக் கண்ணாடியில் நான் கட்டிவிடுவேன்.

கட்டப் போனேன். லாரிக்கார கந்தசாமி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணாடில வேண்டாமுங்க பாய்."

"ஏனுங்க?"

"மொத லோடே வடக்கங்க. போன தடவ பழைய வண்டில அங்க சில பேரு இதப் பாத்துட்டு, டிரைவர எறக்கி அடிச்சுப்போட்டாங்க."

துணியை வாங்கிக் கண்ணில் ஒற்றினார். டூல்பாக்ஸைத் திறந்து, ஸ்பேனர்களுக்கு அடியில் வைத்து மூடினார். அவர் அப்பாவின் முதல் லாரிக்கு என் அப்பா கட்டியதும் இதே மாதிரித் துணிதான்.

"சாமி கோவிச்சுக்குமுங்களா பாய்?"

"கோவிச்சுக்க மாட்டாருங்க" என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. போன மாதம் வடக்கே ரயில் ஏறியபோது நானும் தொப்பியைக் கழற்றி, பையில் அழுக்குத் துணிக்கு அடியில்தான் வைத்தேன்.

நீங்கள் எதை, எதற்கு அடியில் வைத்திருக்கிறீர்கள்?